அடிக்காத கிரீஸ்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் சுகம். சின்னவளின் இருமல் நின்றதா? பயப்படாமல் படி, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

இங்கே படகின் பின்னால் ஒரு கிழட்டு மோட்டார் இருக்கிறது. கரைக்கு வந்ததும் அதைச் சாய்த்துத் தூக்க வேண்டும். அது சாய்ந்து எழும் அச்சுக்குழாய்க்கு வாராவாரம் கிரீஸ் அடிப்பது என் வேலை. மூன்று மாதமாக அடிக்காமலே, வேலை அட்டையில் ‘அடித்தாயிற்று’ என்று மட்டும் எழுதிவந்தேன். உப்பு ஏறி இறுகிவிட்டது. நேற்று அதைத் தூக்கப்போய்ப் படகோட்டி அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“மோட்டாருக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு” என்று அவர் முதலாளியிடம் சொன்னார். நான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி பக்கத்தில் நின்றேன்.

இன்று காலை நட்டைத் தளர்த்தி, உப்பைச் சுரண்டி, கிரீஸ் அடித்தேன். இப்போது ஒற்றைக் கையால் தூக்கலாம். பிறகு படகோட்டி அண்ணன் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“தெரியும் தம்பி. தினம் தூக்குறவன் நான்தானே?”

“அப்புறம் ஏண்ணே முதலாளிகிட்ட சொல்லல?”

“சொன்னா உனக்கு வேலை போயிடும். ரெண்டு பிள்ளைக்காரன்” என்றார்.

இடுப்புவலித் தைலம் இரண்டு புட்டி அனுப்பு, நானே அவருக்குத் தேய்த்துவிடுகிறேன். கூடவே நாலு வரி எழுது. திட்டியே எழுது. இங்கே என்னைத் திட்ட ஆளில்லை.

படகு கிளம்புகிறது.

உன் வீட்டுக்காரன்