நாற்காலியில் கிடந்த துண்டு

நாமக்கல்,
மாசி மாதம், மத்தியானம்.

அன்பு மருமகள் ரஞ்சிதாவுக்கு,

லாரிகளுக்குப் பாடி கட்டிக் கொடுத்துப் பாரத தேசத்தையே உருள வைத்துக்கொண்டிருக்கும் உன் தாய்மாமன் வேலுசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் நலம். புனேயில் நீ நலமா? இந்தக் கடிதத்தோடு வந்த பொட்டலத்தில் இருக்கிற துண்டை ஓரமாக வை, அதற்கு அப்புறம் வருவோம். இப்போது நான் சொல்லப்போகிற கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள் என்று பட்டறைச் சுத்தியல் மேல் சத்தியம் செய்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னாயல்லவா, வேலை முடிஞ்சா போதும் மாமா, வர்ற நேரமும் போற நேரமும் அவங்கவங்க சௌகரியத்துக்கு விடுங்கன்னு. அதையே பட்டறையில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்து அறிவித்துவிட்டேன். கேட்ட அதிர்ச்சியில் ஃபிட்டர் அம்மாசி மயங்கி விழுந்தான். அவனை எழுப்ப ஊரிலிருந்த கோலி சோடா எல்லாம் தீர்ந்தது. ரொம்ப சந்தோஷப்பட்டது பெயிண்டர் அமுதவல்லிதான். அவள் மகள் ராசிபுரத்தில் பள்ளிக்கூடக் கபடிக் குழுவில் இருக்கிறாள். ஆட்டமெல்லாம் சாயங்காலம். ஒன்றைக்கூட அமுதவல்லி பார்த்ததில்லை.

ஆனால் கண்ணு, ஒரு ஆள் நகரவில்லை. வேலை மூணு மணிக்கே முடிந்தாலும் இருட்டும் வரைக்கும் பட்டறையிலேயே கிடந்தார்கள். சும்மா நிற்க வெட்கப்பட்டு அம்மாசி முடுக்கின போல்ட்டையே முடுக்கியதில் ஒரு லாரி இரண்டடி குட்டையாகிவிட்டது. அமுதவல்லி அடித்த பெயிண்டையே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்க, சேலம் பஸ் டிரைவர்கள் அதில் தங்கள் பஸ்ஸையே பார்த்து, எதிரே வண்டி வருதுன்னு ஹார்ன் அடித்தார்கள்.

நானோ முன்மாதிரி முதலாளி. தினமும் மத்தியானம் பின்வாசல் வழியாக நழுவி, ஜேடர்பாளையத்தில் காவிரியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டேன். நான் இறங்கியதும் தண்ணீர் ஏறி மதகைத் திறக்க வேண்டியதாயிற்று. இருட்டித் திரும்பினால் அத்தனை பேரும் அப்படியே இருக்கிறார்கள். கொடுத்தாலும் வாங்கத் தெரியாத ஜனம் என்று பெருமூச்சு விட்டேன்.

ஒரு நாள் அமுதவல்லி வந்து, வேலையை விட்டு நின்னுக்கறேனுங்க என்றாள். மறு வாரம் மகளுக்கு இறுதி ஆட்டமாம், அதையாவது பார்க்கோணுமாம். உன்னை யாரு புடிச்சு வெச்சாங்க, ஜாங்கிரியே கொடுத்தேனே என்றேன். அவள் பெயிண்ட் சொட்டும் பிரஷ்ஷாலேயே என் நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள். ஏனுங்க, துண்டு கிடக்குதுங்களே, நீங்களே ஊட்டுக்குப் போகாதப்ப நாங்க எப்பிடிங்க போறது என்றாள்.

பட்டறை ஆரம்பித்த காலத்திலிருந்தே, நாற்காலி முதுகில் துண்டு கிடந்தால் முதலாளி பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அர்த்தம். பழக்கதோஷம், குளிக்கப் போனபோதும் அதை அங்கேயே விட்டுப் போயிருக்கிறேன். தலை துவட்டினது வேட்டியில்.

மறுநாள் மூணு மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டு, நான் கிளம்பறேன் சாமிகளா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக நடந்தேன். டீக்கடையைத் தொடுவதற்குள் பட்டறை காலி. கிளம்பிய புழுதியில் திருச்செங்கோட்டுக் கோழிகள் பொழுது சாய்ந்ததென்று போய் அடைந்துகொண்டன. இறுதி ஆட்டத்தில் அமுதவல்லி போட்ட கூச்சலுக்கு எதிரணிப் பெண்கள் தாமாகவே கோட்டைத் தாண்டி அவுட் ஆனார்கள். இப்போது அவள் விடியவே வந்து, வெயிலுக்கு முன்னால் பாதி லாரியை முடித்துவிடுகிறாள். நின்றுகொள்கிற பேச்சே இல்லை.

சரி, இனி உன் சங்கதி. வேண்டுமென்றால் மாதம் முழுக்கச் சொந்த ஊரிலிருந்தே வேலை செய்யலாம் என்று உன் கம்பெனியில் விதி எழுதியதே நீதான். யாரும் கேக்கல மாமா, நானே முதல்ல கேட்டா நல்லாவா இருக்கும், தீபாவளிக்குப் பாக்கலாம் என்று போனில் சொன்னாய். வேலை முடிந்தாலும், ஆள் இருக்கிறாள் என்று காட்டக் கம்ப்யூட்டரில் உன் பேருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளி அணையக் கூடாதென்று உட்கார்ந்திருக்கிறாயாம். கண்ணு, உனக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கம்மா மாடி ரூமுக்கு வெள்ளையடித்து, இன்டர்நெட் இழுத்து, மேசையும் போட்டுவிட்டாள். யாருக்கு என்று கேட்டால், சீரியல் பார்க்கத்தான் என்கிறாள். சீரியல் பார்க்க மேசை எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லாரி குட்டையானது, மதகு திறந்தது, கோழி அடைந்தது எதையும் நீ நம்ப வேண்டாம். துண்டு மட்டும் நெசம். பொட்டலத்தில் இருப்பது அதேதான். ஓரத்துச் சிவப்புக் கறை அமுதவல்லியின் பிரஷ் பட்டது. அதை நாற்காலியில் போட்டுவிடாதே சாமி. தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க வெளியே வா. நல்லா இருப்பே.

இப்படிக்கு,
மூணு மணிக்கு மேல் பட்டறையில் கிடைக்காத உன் மாமன்,
வேலுசாமி