வலை இல்லாத ஹெமக்

மார்ச் 2, ஞாயிறு

மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற ஹெமக் வாங்கியாச்சு. ஹட்டன் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் பச்சை பாரசூட் துணி. வலையும் ஜிப்பும் வைத்தது இரண்டு மடங்கு விலை. இந்தக் குளிரில் நுளம்பு எங்கே இருக்கிறது? வீண் செலவு. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்குமாம். அதனால் லொறியில் சாமான் இறுக்குகிற பழைய பெல்ட் இரண்டு. மழைக்கு மேலே கட்ட, ஜீவராணி கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற பழைய படங்கு. முதுகுக்கு அடியில் போடப் பாய் அப்புறம்.

பௌர்ணமி லீவு, போயாவுக்குக் கொழும்புப் பையன்கள் ஆறு பேர் ஹெமக்கோடு வருகிறார்கள். அஞ்சாம் நம்பர் தேயிலை மலை உச்சியில் தங்கவைப்பது என் பொறுப்பு. இது நன்றாக நடந்தால் கடையில் மூட்டை தூக்குவதை விட்டுவிடலாம்.

"தொட்டில்ல ஆடுற வயசா ஒங்களுக்கு?" என்று சிரிக்கிறாள் ஜீவராணி. பெண்டாட்டி வாய்க்குப் பூட்டு எந்தக் கடையிலும் இல்லை.

மார்ச் 5, புதன்

உச்சியில் இரண்டு டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே கட்டிப் படுத்துப் பார்த்தேன். முடிச்சு வழுக்கி மொத்தென்று விழுந்தேன். மேல் லயத்து வீட்டில் இருக்கிற கோகுலராஜ் பார்த்துவிட்டான்.

"இப்பிடிக் கட்டுனா விழாம என்னடா செய்யும்?"

அவனிடம் வலை வைத்த ஹெமக் இருக்கிறது, கொழும்பில் வேலை செய்தபோது வாங்கியது. திமிர் பிடித்தவன்.

மார்ச் 8, சனி

அந்த ஆறு பேரையும் கோகுல் ஃபோன் போட்டுத் தன் பக்கம் இழுத்துவிட்டான். அதே உச்சி, அதே மரங்கள்!

நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். ஆமாம், நான்தான் முதலில் பிடித்தேன். வலது கையால் விட்டான் ஒரு குத்து. முன்பல் போச்சு. கீழே தள்ளி அவன் காதைக் கடித்தேன். வாயில் இருந்த ரத்தத்தில் பாதி அவனுடையது. விலக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. கொல்லணும் அவன.

மார்ச் 9, ஞாயிறு

உச்சிக்குப் போனேன். பெல்ட் கட்டுகிற மரத்தில், உயரத்தில், குளவிக்கூடு. சோற்றுப்பானை அளவு. புதன்கிழமை மேலே பார்க்காமலா படுத்தேன்?

கூட்டைக் கண்டவன் மறுநாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் கூட்டை எடுக்கும்வரை அந்த மலைக்கு ஆள் இறக்கமாட்டார்கள். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் சொல்லப்போவதில்லை.

அஞ்சாம் நம்பரில் கொழுந்து அடுத்த வாரம்தான். வியாழன் போயா, மலையில் ஒரு ஆள் இருக்காது. கோகுல் வந்து பெல்ட்டை இறுக்குவான், மரம் ஆடும். வாங்கட்டும். மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கட்டும். அந்தப் பையன்கள்? ஓடத் தெரியாதவர்களா என்ன?

மார்ச் 10, திங்கள்

பெரட்டுப் பக்கம் போகவில்லை. பல் வலி.

மார்ச் 11, செவ்வாய்

ஜீவராணி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "விட்டுத் தொலைங்க. ஒரே தோட்டத்துல பொழைக்கணும்" என்றாள். ம் என்றேன்.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரியிலேருந்து இப்பதான் வந்தேன்.

போயா லீவுக்கு முந்தி முடிக்கணும்னு கங்காணி இன்னைக்கே அஞ்சாம் நம்பருக்கு ஆள இறக்கியிருக்காரு. எனக்குத் தெரியாதே! கோகுலும் இன்னைக்கே வந்து கட்டிப் பாத்திருக்கான்.

பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த சர்மிளா சொன்னது: பெல்ட்டை இறுக்கினதும் மேலேயிருந்து இரைச்சல். எல்லாரும் கூடையை வீசிவிட்டு ஓடினார்கள். ஜீவராணிக்குக் கூடைக்கயிறு முடியில் சிக்கிக்கொண்டது. முகத்தை மூடிக்கொண்டு கத்தினாளாம். கோகுல் கீழே தப்பி ஓடியவன், திரும்பி ஏறியிருக்கிறான். ஹெமக்கை அறுத்து அவளை உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடி, மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். அவன் மூடிக்கொள்ள ஒரு துணி இல்லை. வடிகால் கானில் விழுந்து வலது கை முறிந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவன் முகத்தில் கண் எங்கே என்று தெரியவில்லை. ஜீவராணிக்குப் பதினோரு கொட்டு. கூடக் கொழுந்து எடுத்த நாகலெட்சுமி அக்காவால் ஓட முடியவில்லை. இன்னும் கண் திறக்கவில்லை.

"கோகுல் அண்ணே எப்பிடி இருக்காரு?" என்றுதான் ஜீவராணி முதலில் கேட்டாள். நான் எழுந்து வெளியே போனேன்.

மார்ச் 14, வெள்ளி

நாகலெட்சுமி அக்கா விடியற்காலை போய்விட்டார்.

"மரத்த ஆட்டிக் கொன்னுட்டான்" என்று கிளம்பியது கூட்டம். கோகுல் ஆஸ்பத்திரியில் கிடக்க, வீட்டுக் கதவை உடைத்தார்கள். வலை ஹெமக்கை வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். தடுக்க வந்த அவன் அப்பா இராமையாவுக்கு மண்டையில் ஒரு போடு. கிழவர் அப்படியே உட்கார்ந்து சரிந்தார்.

என் கையிலும் ஒரு கட்டை இருந்தது. நான் அடிக்கவில்லை. அது பெரிய காரியமா? வாயைத் திறந்தேனா?

த்தூ.

மார்ச் 15, சனி

பெரட்டில் போய் நின்றேன். எல்லாரும் இருந்தார்கள். "ஞாயித்துக்கெழமையே கூட்டக் கண்டேன். அவன் கொட்டு வாங்கணும்னுதான் சொல்லல. அவன் மேல தப்பில்ல" என்றேன்.

முதல் அடி நாகலெட்சுமி அக்காவின் மகன். அப்புறம் எண்ணவில்லை. விலா எலும்பு இரண்டு போயிருக்கும். இன்னொரு பல்லும் போச்சு. கையை ஓங்கவில்லை நான். முகத்தில் கட்டோடு ஜீவராணி வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிவரை.

மாலையில் என் துணிகளை வெளியே வைத்தாள். ஹெமக்கும் அதில் இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், இரண்டு தூணுக்கு நடுவே கட்டிப் படுக்கிறேன். அடியிலிருந்து குளிர் முதுகைத் தின்கிறது. பாய் வாங்காதது தப்பு. அவள் என்னைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோகுல் வந்தான். வலது கையில் மாவுக்கட்டு, இடது கண்ணில் பஞ்சு. அந்தக் கண்ணில் பார்வை வராதாம். படியில் வந்து நின்றான்.

எழுந்து அவன் முன்னால் போய் நின்றேன். "அடிடா" என்றேன். "அடிச்சுத் தொல. காலுல விழவா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. தூணில் கட்டிய பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் அப்பிடியேதான் கட்டியிருக்க" என்றான். "அவுத்துக் கட்டு."

"கோகுலு…"

"கட்டு. எனக்குக் கை இல்ல, சொல்லித்தான் தர முடியும்."

அடித்திருக்கலாம் அவன். அவிழ்த்துக் கட்டினேன். மூன்று தரம் தப்பாகப் போனது. ஒவ்வொரு தரமும், "இல்ல, அவுத்துடு" என்றான். கதவுக்கு உள்ளே ஜீவராணி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு கோப்பைதான்.