சலிக்காத பசளை

வரிப்பத்தான்சேனை
22.04.2024

அன்புள்ள றிபாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நதீரா மதினியும் பிள்ளைகளும் சுகம்தானே? பெருநாளைக்கு வந்தும் ஒரு தேத்தண்ணியோடு ஓடிவிட்டீர்கள். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

போன சிறுபோகத்தில் விதைப் பயறுக்கு உங்கள் மீன்கழிவுப் பசளையைப் பாதி வயலுக்குப் போட்டு, மறுபாதியைச் சும்மா விட்டோமே, அதன் ஆய்வுகூட அறிக்கை வந்துவிட்டது. பசளை போட்ட பக்கத்துப் பயறில் இரும்புச்சத்தும் துத்தநாகமும் மற்றப் பக்கத்தைவிட அதிகம். விவசாயப் போதனாசிரியர் ஷரிபுதீன் சேர், "தாய்ப்பயிருக்கு வயிறு நிறைஞ்சாத்தான் விதைக்கும் சத்து இறங்கும்" என்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைத்தாச்சிகளில் பாதிப் பேருக்கு இரத்தம் குறைவு. இந்தப் போகத்தில் முழு வயலிலும் விதைத்து, முப்பது வீட்டுத் தோட்டங்களுக்கு விதை கொடுக்கப் போகிறோம்.

அதே பசளையில் பதினெட்டு மூட்டை அனுப்புங்கள். அறிக்கையின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சந்தோசப்படுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
மர்ஷூதா


வரிப்பத்தான்சேனை
07.05.2024

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூட்டையின் வாயில் ஒரு முழத்துக்கு நல்ல கறுத்த பசளை. அதை நம்பி, நான் வயலுக்கு வருவதற்குள் ஒன்பது மூட்டையைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். கீழே இருந்ததை எப்படி எழுதுவது? கோழிக் குடல், பிள்ளைகளின் பேம்பஸ், உடைந்த போத்தல், சீழ் காய்ந்த துணி. எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. எங்களோடு வயல் வேலை செய்யும் உம்மு கூடையோடு நின்றாள்; "என்ன புள்ள இது, பசளையா ஊத்தையா?" என்று கேட்டவள் அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டாள். குதிக்காலில் ஊசி. மருந்து ஏற்றும் ஊசி, காக்கா. குழாயோடு தொங்கியது.

ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமாம். அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. டொக்டர் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பால் குடுக்கலாமா, மர்ஷூதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கையைக் கழுவியும் சோற்றைப் பிசைந்தால் அந்த நாற்றம் எழும்புகிறது. மூன்று நாளாக நான் கரண்டியால் சாப்பிடுகிறேன்.

மூட்டையின் வெளிப்பக்கத்தில் என் அறிக்கையை அச்சடித்திருக்கிறீர்கள். அடியில் என் பெயர். அதை வாசித்த இடத்தில்தான் வாந்தி எடுத்தேன்.

என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மர்ஷூதா


சாய்ந்தமருது
11.05.2024

அன்பின் தங்கச்சி மர்ஷூதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கண்டு மனது சரியில்லை. போன் அடிக்கிறேன், நீ எடுக்கிறாய் இல்லை.

உன் அறிக்கையைக் காட்டியதும் எல்லாப் பக்கத்திலிருந்தும் பசளை கேட்டார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். கடல் குழம்பியதால் மீன்கழிவு கிடைக்கவில்லை. குப்பைமேட்டில் மக்கிக் கிடந்ததை அள்ளிக் கலந்தேன். சலிக்க நேரம் இருக்கவில்லை. எப்படியும் எல்லாம் மண்ணாகப் போகிறதுதானே.

உம்முவின் மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் கேட்டால், ஊசி முன்பே வயலில் கிடந்தது என்று சொல். ஷரிபுதீன் சேரின் காதுக்குப் போக வேண்டாம்.

உன் நன்மைக்காக ஒன்று. உங்கள் வீட்டுக்கு வேண்டிய பயறை வேறு காணித்துண்டில் போடு. எங்கள் வீட்டுக் கீரைப் பாத்திக்கு இந்தப் பசளை வேண்டாமென்று நதீராவிடமும் சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே.

உன் காக்கா,
றிபாஸ்


வரிப்பத்தான்சேனை
16.05.2024

றிபாஸ் காக்காவுக்கு,

ஸலாம்.

உங்கள் கடிதத்தை உம்முவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊசி முன்பே கிடந்தது என்று சொல்லச் சொன்ன இடத்தில் அவள் குதிக்காலைத் தடவிப் பார்த்தாள். கீரைப் பாத்தி வந்ததும் பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அப்ப அவருக்குத் தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கார்" என்றாள். அவ்வளவுதான்.

மூட்டையைப் பிரித்த அன்று அந்த ஊத்தையில் அருவருப்பு வந்தது. இப்போது உங்கள் கையெழுத்தைப் பார்க்க வருகிறது. நேர நெருக்கடியில் தவறிவிட்டது என்றிருந்தால் உங்களோடு சண்டை பிடித்து அழுதிருப்பேன். உங்கள் பாத்தியை நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்.

மிச்ச ஒன்பது மூட்டையையும் உங்கள் கடிதத்தையும் ஷரிபுதீன் சேரிடம் ஒப்படைத்துவிட்டேன். உங்களிடம் பசளை வாங்கியவர்களைத் தேடி அவர் போய்க்கொண்டிருக்கிறார். முப்பது வீட்டுக்கும் நானே நடந்தேன். இந்தப் போகம் புது விதை இல்லை, பசளை தந்தது என் காக்காதான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். போன வருட விதையில் கையிலிருந்ததை ஆளுக்கு ஒரு சுண்டு அளந்து கொடுத்தேன்.

வயலை நாங்கள் நான்கு பேர் தடித்த கையுறையும் காலுக்குச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பொறுக்குகிறோம். நேற்று மட்டும் இன்னும் இரண்டு ஊசி.

உங்களோடு கதைக்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை. கதைக்க விருப்பமென்றால் வீட்டுக்கு வர வேண்டாம், வயலுக்கு வாருங்கள். வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நடந்து வாருங்கள்.

நான் அந்தக் கரையில் நிற்பேன்.

மர்ஷூதா