கருப்பு டேப் சுற்றிய வயர்

திண்டுக்கல்,
20.10.2003

அன்பு மகன் ஸ்டான்லிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். மேலே கிறுக்கலாகத் தெரிவது அதுதான். உன் பெங்களூர் முகவரியைப் பாட்டுக் குழுவில் உன்னோடு பாடிய இளவேனிலிடம் கெஞ்சி வாங்கினேன். அந்தப் பெண்ணைக் கோபிக்காதே. உன் கிடார் உறையை விட்டு வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

அம்மாவுக்கு ஆகஸ்டிலிருந்து வயிற்றில் வலி. மதுரைக்கு நான்கு முறை அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், பத்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள், போன வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் பத்தியம் எதுவும் வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். உன் அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டால் கஞ்சி போதும் என்கிறாள்.

அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான். நீ விட்டுப்போன கிடார் பெடலைப் பழைய போர்வையில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். வார்டில் சேர்வதற்கு முன்பே அதை ரிப்பேர் பார்த்து வாங்கச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கும் பீர் முகமதிடம் கொண்டுபோனேன். அவர் பெடலைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை, வயரைக் காட்டுங்கள் என்றார். பெடலோடு சுற்றிவைத்திருந்த வயரை மேசையில் போட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். யார் இதை நடுவில் வெட்டி ஒட்டியது என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தவர், மறுபடி கேட்காமல் குனிந்துகொண்டார்.

ஸ்டான்லி, வெட்டியது நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குஜிலியம்பாறைப் பக்கத் திருவிழாவில் காலையிலேயே நான் மேடைக்குப் போய்விட்டேன். சத்தத்தை மாற்றும் பெட்டியைப் பின்னால் வைத்தோம். நீ காலால் மிதிக்கும் பெடலை முன்னால் வைக்க வேண்டும். வயர் எட்டவில்லை. நீ இன்னும் வந்து சேரவில்லை. எட்டாத வயரை மைக்செட்காரன் என்ன செய்வான்? வெட்டி, நடுவில் ஒரு துண்டு கொடுப்பான். முப்பது வருடமாக எல்லாத் திருவிழாவிலும் செய்கிற வேலைதானே என்று, இருபதடி மைக் வயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். மைக் வயருக்குள் இரண்டு கம்பி, மேலே ஒரு வலை. பெட்டியையும் பெடலையும் இணைக்கும் உன் மிடி வயரில் வலையோடு சேர்த்து ஐந்து இருந்தது. மீந்துபோன இரண்டையும் வேலையில்லாதவை என்று நறுக்கிவிட்டேன்.

பீர் முகமது விளக்கியது இதுதான்: “சவுண்டை மாத்துற சேதி மூணு கம்பியில போயிருதுண்ணே. பெடலுக்கு கரண்டு வாரது மத்த ரெண்டுல.” அந்த இரண்டைத்தான் நான் நறுக்கியிருக்கிறேன்.

அன்று உன்னைக் குழுவில் நிரந்தரமாகச் சேர்ப்பதா என்று குழுவை நடத்தும் பொம்மையன் உன் வாசிப்பைப் பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. பெடலில் விளக்கே எரியவில்லை. பாட்டுக்குப் பாட்டு நீ பின்னால் ஓடி, பெட்டியைக் கையால் திருகினாய். சோகப் பாட்டுக்குக் கிடார் இரைந்தது. கூட்டம் விசில் அடித்தது. நீ என்னிடம் வந்து, “அப்பா, வயரைத் தொட்டீங்களா?” என்று கேட்டாய். நான் தொடவில்லை என்றேன். அதோடு விட்டேனா? பொம்மையன் முன்னால், விழாக் கமிட்டி முன்னால், இவனுக்கு மிதிக்கத் தெரியவில்லை, என் வயரில் கோளாறு வராது என்று சத்தம் போட்டேன். ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போது நம்பினேன். அது தெரியாமல் செய்தது. தொடவில்லை என்று சொன்னது தெரிந்தே சொன்ன பொய். என் தொழில் பேரைக் காப்பாற்றிக்கொண்டு உன்னைக் கைவிட்டேன். பொம்மையன் உன்னைச் சேர்க்கவில்லை, நீயும் பெட்டியையும் பெடலையும் விட்டுவிட்டு ஊரை விட்டே போனாய். வெட்கமாக இருக்கிறது.

அம்மா வார்டில் கிடந்தபோது, அவள் தூங்கும் நேரம் பார்த்து மதுரைக் கடைகளில் சரியான வயருக்கு அலைந்தேன். ஒரு கடையில் பழைய டேப் ரிக்கார்டர் வயரைக் கொடுத்தார்கள். அதே உருண்டைத் தலை, அதே ஐந்து பின். ஆனால் உள்ளே கம்பிகள் மாறிப் போகின்றன. இன்னொரு கடையில் மிடி வயர்தான், மூன்று பின்னில் மட்டும் கம்பி. மற்றவர்களுக்கு அது போதுமாம். நம் பெடலுக்கு ஐந்தும் நேருக்கு நேர் போக வேண்டும். மூன்றாவது கடையில் கிடைத்தது. பதினைந்தடி, ஒரே வயர், நடுவில் ஒட்டில்லை. ஊருக்குக் கொண்டுவந்ததும் பீர் முகமது ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக் காட்டினார். மீட்டர் ஐந்து முறை கத்தியது. மாட்டியதும் பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த டேப்பு உங்க கை சுத்துனது. நீங்களே அவன்கிட்ட சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். இரண்டு வருடம் இருந்திருக்கிறாள்.

வயரைப் பார்சலில் அனுப்பப் போவதில்லை. அம்மாவின் அறையிலேயே பெட்டியையும் பெடலையும் இணைத்து வைத்திருக்கிறேன். சின்ன ஸ்பீக்கர் ஒன்று போதும், அவளுக்கு அதிகச் சத்தம் ஆகாது. காலையில் ஸ்விட்சைப் போடச் சொல்லி, படுத்தபடியே அந்த விளக்கைப் பார்க்கிறாள். என்னோடு நீ பேச வேண்டாம். நீ வருகிற நாளில் நான் ரெட்டியார்சத்திரத்தில் என் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறேன். கிடாரை எடுத்துக்கொண்டு வா. கிறிஸ்துமஸ் லீவில் வரலாம் என்று மட்டும் நினைக்காதே, அப்பு.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நீ ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் நெற்றியில் போடுவதுபோல, அம்மா அந்த இடத்தில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். தாளில் ஒன்றும் தெரியாது. ஆனால் போட்டிருக்கிறாள்.

உன் அப்பா,
ஆரோக்கியதாஸ்