ஆகாயத்தில் சாவடி இல்லை

யேசுராஜ்,

பண்ணை வேலை முடிந்து வந்ததும் இதைப் படி. குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. பெங்களூரில் கிடைக்காத அந்த ஊசி மருந்தை உன் அண்ணன் மதராஸில் விமானத்தில் ஏற்றிவிட்டான். தந்தி மாடத்தில் இருக்கிறது. பெங்களூர் போய் வாங்கிவருகிறேன்.

நேற்று நான், "மதராஸ்லருந்து பெங்களூரு நூத்தியெண்பது மைலு, ஒன்றரை மணி நேரத்துல வந்துரும்" என்றதற்கு, "உன் வாயில நெசமே வராதாப்பா?" என்று கத்தினாய். ரயிலுக்கே ராத்திரி முழுக்க ஆகிறது என்பது உன் கணக்கு. ஆகாயத்தில் தண்டவாளமும் இல்லை, சாவடியும் இல்லை.

எனக்குப் பயமெல்லாம் பெங்களூரிலிருந்து நம் ஊருக்கு பஸ்ஸில் வரும் கடைசி இருபத்தைந்து மைலுக்குத்தான். எல்லையில் ஜூஜூவாடி மதுவிலக்குச் சாவடியில் போலீஸ்காரர்கள் சாராயம் தேடி ஒவ்வொரு புட்டியையும் திறந்து மோந்து பார்க்கிறார்கள். இதைத் திறந்தால் மருந்து கெட்டுவிடும். போன மாதம் அங்கே எண்ணெய்ப் புட்டியைக் காட்டிப் புலிப்பால் என்று சொன்னவன் நான். மருந்து என்றால் சிரிப்பார்கள். நீ சொன்னால் நம்புவார்கள்.

சாயங்கால பஸ் வரும்போது டாக்டர் சீட்டோடு அங்கே வந்து நில்.

அப்பா

களி சட்டியில் இருக்கிறது, தின்றுவிட்டு வா.

என்னோடு பேச வேண்டாம். போலீஸ்காரரோடு பேசினால் போதும்.