காலுக்கா தலைக்கா

ஜூன் 4

என் வாயாடி மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உண்மையிலேயே நான்தான். சென்ற வருஷம் என் கையெழுத்தைப் போலவே எழுதி, எனக்கு நெஞ்சுவலி என்று, கட்டினவனை விட்டுப் போயிருந்த உன்னை வரவழைத்து, அறையில் தள்ளிப் பூட்டினானே என் பிள்ளை! அதற்குப் பிறகு இந்த வீட்டிலிருந்து வரும் கடிதத்தை நீ அடுப்பில் போட்டாலும் தப்பில்லை. போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

கால் வீங்கிக்கொண்டே போகிறது. இரண்டு காலும். காலையில் சுமாராக இருக்கும். தையல் மிஷினில் உட்கார்ந்து மதியம் வரை மிதித்தால் கணுக்கால் எலும்பு இருந்த இடமே தெரிவதில்லை. செருப்பு வார் பதிந்து தடம் விழுகிறது. அவனிடம் சொன்னால், "வயசானா எல்லாருக்கும் வீங்கும்மா. சும்மா நொய் நொய்னு பண்ணாதே" என்கிறான். என் போனும் அவனிடம்தான் இருக்கிறது.

பின்தெரு டீச்சருக்குத் தைத்த துணியோடு இதையும் மடித்து வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவர் வீட்டு முகவரிக்கே போடு. நீ ரத்தம் எடுக்கிற ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருப்பார்களே, யாரையாவது கேட்டுச் சொல்லேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஏற்கெனவே நீ ஈர்க்குச்சி.

உன் அத்தை


ஜூன் 9

அத்தைக்கு,

அந்தக் கடிதத்திலும் இதே கையெழுத்து, இதே "வாயாடி". இதையும் உங்கள் மகன் எழுதவில்லை என்பதற்கு என்ன சாட்சி? டீச்சர் முகவரிகூட அவருடைய ஏற்பாடாக இருக்கலாம். பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு சங்கதி. அதைத் தேய்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டும் என்றால், நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்காராதீர்கள். படுக்கும்போது காலுக்குத் தலையணை வையுங்கள். தட்டின் ஓரத்தில் உப்பு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுத் தொலையுங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா? வீக்கம் அதனாலும் வரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்தவரைக் கேளுங்கள்.

இதை எழுதியது நீங்கள்தான் என்றால், நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

மருமகள்


ஜூன் 13

கண்ணு,

பூட்டை நீ உடைத்துக்கொண்டு ஓடினாய் என்று அவன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவன் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துத் திறந்தது யார், நீ போன பிறகு அந்தப் பூட்டைச் சுத்தியலால் அடித்துப் போட்டது யார் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். போதுமா சாட்சி?

பின்பக்கம் திருப்பிப் பார். காகிதத்தைத் தரையில் போட்டு, காலை வைத்து, துணிக்கு அடையாளம் போடுகிற சாக்பீஸால் சுற்றிவரக் கோடு போட்டிருக்கிறேன். இதற்குக் குனிந்து நிமிர்வதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிவிட்டது. குழியும் நிற்கிறது. விரலை எடுத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். கோத்து முடித்த பிறகும் அப்படியே இருந்தது. புது மாத்திரை எதுவும் இல்லை.

நீ சொன்னபடி காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தேன். தண்ணீருக்குள் பிடித்து அமுக்கியது போல மூச்சு முட்டியது. தலைக்கு வைத்தால் மூச்சு வருகிறது, கால் கனத்துப்போகிறது. எனக்கென்று இருப்பது இரண்டே தலையணை. காலுக்கா தலைக்கா என்று தினமும் பஞ்சாயத்து. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

அத்தை


ஜூன் 16

அத்தை,

நம்புகிறேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு என்னை நாலு வார்த்தை திட்டிவிடுங்கள். காலைத் தூக்கி வைக்கச் சொன்ன என் வாயில் மண்ணைப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தை எங்கள் டாக்டரிடமே காட்டினேன். படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இது கால் கோளாறு மாதிரி தெரியலம்மா. இதயம் சரியா பம்ப் பண்ண முடியாம நீர் தேங்குதோன்னு பாக்கணும். படுத்தா மூச்சு முட்டுதுன்னா, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது" என்றார். இன்றே போங்கள். உங்கள் மகன் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

நான் வந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். உங்கள் ஊர்ப் பெயரை எழுதிய பஸ்ஸைப் பார்த்ததும் அந்த அறை நினைவுக்கு வந்து, ஏறாமலே திரும்பி வந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

மருமகள்


ஜூன் 19

வாயாடி,

அவனிடம் சொன்னேன். உன் பேச்சை எடுக்கவில்லை, டீச்சர் சொன்னதாகத்தான் சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவிக்கொண்டே பதில் சொன்னான். "அவ வரட்டும். வந்து அவளே கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் நீ எங்கயும் போக வேணாம்."

நான் பெற்ற பிள்ளை. ஜுரம் வந்தால் என் மடியை விட்டு இறங்காத பிள்ளை.

எதிரே உட்கார்ந்து ஒரு கடிதமும் எழுத வைத்தான். "உயிர் போகிறது, உடனே வா" என்று. அதுவும் உனக்கு வந்து சேரும். அவனுக்குப் பொய் எழுத வேண்டிய வேலையே இந்தத் தடவை இல்லாமல் போய்விட்டது. அதில் இருப்பதெல்லாம் நிஜம். ஆனாலும் நீ வராதே. இந்த மூச்சு முட்டலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன்னை மறுபடியும் அந்த அறைக்குள் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அத்தை


ஜூன் 22

கண்ணு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று மிரளாதே. என் கையில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்த பெண், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

அவன் வேலைக்குப் போனதும் கிளம்பிவிட்டேன். செருப்பு நுழையவில்லை, வெறுங்கால்தான். நடந்தேன் என்பது பேச்சுக்கு. சுவரைப் பிடித்துப் பிடித்து டீச்சர் வீட்டு வாசல் வரை ஊர்ந்தேன். அவர் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நீர் பிரிய மருந்து ஏற்றுகிறார்கள். கால் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆனால் டாக்டர் என்னிடம் பேசாமல் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

அவனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வருவான். இதுவும் அவன் வேலை இல்லை என்று உனக்கு எப்படிக் காட்டுவேன்? இந்தத் தடவை சாட்சி சொல்ல ஒன்றும் தோன்றவில்லை, தலை வேலை செய்யவில்லை. தனியாகக் கிடக்கிறேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரவில்லை என்றாலும் உன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

அத்தை


ஜூன் 24, ஆஸ்பத்திரி வாசல்

அத்தை,

வந்துவிட்டேன். பார்வை நேரம் முடிந்துவிட்டதாம். காவலாளி உள்ளே விடமாட்டேன் என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டார். அவருக்கு எதைச் சொல்லி விளக்குவது? அழுதுவிட்டேன். வார்டு ஆயா இரக்கப்பட்டு இந்தச் சீட்டை வாங்கிக்கொள்கிறாள்.

கடிதத்தை எழுதியது யார் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் மகனே எழுதியிருந்தாலும் போவது என்றுதான் ஏறி உட்கார்ந்தேன். இப்போது உங்கள் கட்டிலருகே அவர் உட்கார்ந்திருந்தாலும் இருக்கட்டும். நான் வருவேன்.

"அந்தம்மா காலையிலேர்ந்து கண்ணே திறக்கலியே" என்கிறாள் ஆயா. திறக்க வேண்டாம், அத்தை. இதைக் காதோரமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் "உம்" என்று ஒரு சத்தம் கொடுங்கள், ஆயா வந்து எனக்குச் சொல்லுவாள். அவள் வருகிறவரை இந்தப் படியை விட்டு நகர மாட்டேன்.

உங்கள் வாயாடி