ஒகோரோவுக்கு எழுதாத கடிதம்

பிரன்ஸ்விக், மெல்பேர்ண்
18.9.1975

அன்புள்ள மகன் யோகேஸ்வரனுக்கு,

நானும் அப்பாவும் கந்தன் கிருபையால் சுகமாய் இருக்கிறோம், லண்டனில் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க அவனே துணை. இங்கே குளிர் குறைந்து வெயில் எட்டிப் பார்க்கிறது. அப்பாவுக்கு முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை, நாள் முழுக்க ட்ராமில் நின்று டிக்கெட் கொடுப்பதால் வருவது. போன கிழமை உன் கடிதம் வந்தது. இருபது வருஷம் கணக்குப் படிப்பித்த மனிதர் ட்ராமில் டிக்கெட் கிழிப்பது உனக்கு வெட்கமாய் இருக்கிறது, பள்ளிக்கூடங்களில் ஆள் தேடுகிறார்களே என்று எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தரம் வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கோபத்தில் நான் இதை எழுதவில்லை. நைஜீரியாவில் நடந்ததை நாங்கள் உனக்குச் சொல்லவே இல்லை, அது எங்கள் பிழை.

அப்பா அங்கே படிப்பித்துக்கொண்டிருக்க உள்நாட்டு யுத்தம் தொடங்கியபோது நீ யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்தாய். மற்ற வெளிநாட்டு ஆசிரியர்கள் போன பிறகும், கடைசி வகுப்பின் சோதனை முடியட்டும் என்று அப்பா நின்றுவிட்டார், பிறகு றோட்டு அடைபட்டது. பள்ளியின் பாதியில் படையாட்கள் வந்து இருந்தார்கள். யுத்தம் என்றால் எந்நேரமும் வெடிச்சத்தம் என்று நினைப்பாய். இல்லை மகன், அவர்கள் நாள் முழுக்கக் காத்திருப்பார்கள், சட்டையில் பேன் பார்ப்பார்கள், எங்கள் பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளை உடைத்து அடுப்பெரிப்பார்கள். துவக்கு சிலருக்குத்தான், மற்றவர்கள் தடியைத் தோளில் வைத்துப் பழகினார்கள். என்னிடம் வந்து கேட்பது மருந்தில்லை, உப்பு. ஒரு சிறங்கை உப்புக்கு ஒரு கோழி தர நின்றார்கள்.

படைக்கு ஆட்கள் போதாமல் ஊருக்குள் ஆம்பிளைகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கு அவசியமான ஆள் என்று அதிபர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தால் விடுவார்கள், பள்ளி அதிபர் போய்விட்டதால் அப்போது பதில் அதிபர் அப்பாதான். ஆய்வுகூடத்தில் வேலை செய்த இம்மானுவேல் கைக்குழந்தையோடு வந்து நின்றான். ஆய்வுகூடம் மூடி மாதக்கணக்கு, பொய் எழுதமாட்டன் என்றார் அப்பா. நான் அந்தக் குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்து, எழுதுங்கோ எழுதுங்கோ என்று அழுதேன். எழுதினார். நாலாம் நாள் அவனுக்குப் பதிலாகப் பள்ளித் தோட்டக்காரன் ஒகோரோவைக் கொண்டுபோனார்கள். ஆறு கிழமையில் அவன் செத்த செய்தி வந்தது. கூட நின்றவன் ஒருவன் வந்து சொன்னான், மூன்று பேருக்கு ஒரு சோடி சப்பாத்து, காவலுக்குப் போகிறவன் போட்டுப் போய் வந்து கழற்றிக் கொடுக்க வேண்டும், ஒகோரோவின் முறை வர முன்னமே ஷெல் விழுந்தது, வெறுங்காலோடு கிடந்தான் என்று. அன்று தொடக்கம் அப்பா, ஒருத்தன்ரை பேரை எழுதி மற்றவனை அனுப்பினது நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடாப்பைத் திறந்து பிள்ளைகளின் பேர் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அதுதான் ட்ராம்.

இனி எழுதுவது ஏழு வருஷமாய் அவருக்கும் சொல்லாதது. இம்மானுவேல் வந்த மறுநாள் ஒகோரோவும் அதே கடிதம் கேட்டு வந்தவன். அப்பா காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். மாஸ்டர் இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு பொய்க் கடிதம் போனால் பிடிபடும், அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். அது மட்டுமில்லை, இவன் தனிக்கட்டைதானே என்றும் நினைத்தேன் மகன். அந்த நினைப்புத்தான் இன்னும் என்னை விடவில்லை. அவன் சரி மேடம் என்று சொல்லித் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை குசினியில் வைத்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், எழும்பிப் போய்விட்டார். நேற்றுச் சாப்பிட இருந்தபோது, அவன் வாசலிலை எவ்வளவு நேரம் நிண்டவன் என்று கேட்டார். கனநேரம் என்றேன். சோற்றைப் பிசைந்தபடி, என்னைக் கூப்பிட்டிருந்தால் எழுதியிருப்பன் என்றார். பிறகு, நீரும் சாப்பிடும் என்று என் சோற்றுக் கோப்பையில் கறி போட்டார்.

இனிப் படிப்பிக்கப் போவாரோ தெரியாது, அதைப் பற்றி அவருக்கு எழுதாதே. ஒகோரோவைப் பற்றிக் கேட்டு எழுது, சொல்லுவார் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாயோ அதையும் மறைக்காமல் எழுது.

காலமை வெறும் வயிற்றோடு போகாதே, கம்பளிச் சட்டையை இப்போதே எடுத்து வெயில் காட்டி வை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் அன்பு அம்மா,
இராஜேஸ்வரி